மொறிஸ் மைனரில் காற்று–எரிபொருள் மீற்றர்: இரண்டு ஆண்டு அனுபவம்

2022இல் இலங்கையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று கியூ.ஆர். முறையில் பெற்றோல் பங்கிட்ட நாட்களில்தான், என் 1098 சிசி மொறிஸ் மைனரின் தாகம் எனக்கு உறைத்தது. லீற்றருக்கு ஒன்பது கிலோமீற்றர். சைலன்சர் வாயில் எப்போதும் கரி. ஆனால் ஐடிலில், அதாவது நின்ற இடத்தில் எஞ்சின் மெல்ல ஓடும்போது, குறை சொல்ல முடியாது. கராஜ் அண்ணர் காதால் கேட்டே அவ்வளவு நேர்த்தியாக வைத்திருந்தார்.

காரணத்தை அறிய, புகையில் மிஞ்சும் ஒக்சிசனை அளந்து ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று போகிறது என்று எண்ணில் காட்டும் மீற்றரை வாங்கினேன். அதைப் பூட்டுவதற்கே ஒரு வாரம் பிடித்தது. இந்தக் கார் பொசிற்றிவ் ஏர்த்; பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் கார் உடலோடு இணைந்திருக்கும். மீற்றருக்கு அது ஒத்துவராது. பற்றரி வயர்களையும் கொயில் வயர்களையும் மாற்றி, டைனமோவின் துருவத்தையும் திருப்பினோம். ஒக்சிசன் சென்சரைப் புகைக் குழாயின் மேற்பக்கத்தில் சாய்வாக வைத்தோம். கீழ்ப்பக்கம் வைத்தால் குழாயில் தேங்கும் நீர் பட்டு, சூடான சென்சரில் கீறல் விழுந்துவிடும்.

ஐடிலில் 13.5 காட்டியது. அண்ணரின் காது தவறவில்லை. ஏ9 வீதியில் ஐம்பதில் சீராகப் போனபோது எண் 11.4க்கு இறங்கியது. பெற்றோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். என் கார் வழிநெடுகப் பெற்றோலைக் கொட்டிக்கொண்டு போயிருக்கிறது!

காரணம், காற்றையும் பெற்றோலையும் கலக்கும் எஸ்.யூ. காபரேற்றரின் திறொட்டில் தண்டில் இருந்தது; அக்சிலறேற்றரை மிதிக்கும்போது காற்று வழியைத் திறக்கும் தகடு சுழல்வது இந்தத் தண்டில்தான். விரலால் தொட்டாலே ஆடியது. அந்தத் தேய்மான இடைவெளியால் ஐடிலில் கள்ளக் காற்று நுழைகிறது. அதை ஈடுகட்ட, பெற்றோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெற் நட்டைக் கீழே இறக்கிப் பெற்றோலைக் கூட்டியிருந்தார்கள். திறொட்டில் திறந்ததும் கள்ளக் காற்றின் பங்கு அற்பமாகிவிடும். இறக்கிய நட்டோ இறக்கியபடியே இருக்கும். இதை எந்தக் காதாலும் கேட்க முடியாது. லேத்தில் புஷ் போட்டு, புதுத் தண்டு மாற்றி, அறுகோண நட்டை ஏழு பக்கம் திருப்பி மேலே ஏற்றினோம். இப்போது அதே வீதியில் 14.2; லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றருக்குக் குறையவில்லை.

இடையில் ஒரு நாள் ஐடிலில் 17 காட்டியது. பெற்றோல் போதவில்லை என்று நம்பி நட்டை இறக்கினேன், குலுக்கல் கூடியது. பார்த்தால் மூன்றாவது பிளக் எரியவில்லை. எரியாத சிலிண்டரின் ஒக்சிசன் அப்படியே வெளியேற, சென்சர் அதைத்தான் அளந்திருக்கிறது. புகைக் குழாய் மூட்டில் ஒழுக்கு இருந்தாலும் இதே பொய்தான். அதனால் பிளக்கும் பாக்கிங்கும் பார்க்காமல் இப்போது நட்டைத் தொடுவதில்லை.

திடீரென்று அக்சிலறேற்றரை மிதிக்கும்போது எண் ஒரு கணம் 16க்கு மேல் தாவி, கார் தயங்கினால் டாஷ்பொட்டில், அதாவது காபரேற்றரின் பிஸ்டன் சட்டென்று எழாமல் தடுக்கும் எண்ணெய்க் குழியில், எண்ணெய் இறங்கிவிட்டது என்று அர்த்தம். மூடியைக் கழற்றி 20 ஆம் இலக்க எண்ணெய் சிறிது விட்டால் தயக்கம் போய்விடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இது நடக்கிறது.

அண்ணரிடம் மீற்றர் இல்லை. ஆனால் பழைய கார் எது வந்தாலும், பொனற்றைத் தூக்கியதும் முதலில் திறொட்டில் தண்டைத்தான் ஆட்டிப் பார்க்கிறார்.