ஏற்காட்டுப் பாலூட்டிகளை எண்ண: கேமராவா, நடையா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ப்ராஜெக்ட் செய்யப் போகும் விலங்கியல் மாணவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, "கேமரா எத்தனை கிடைக்கும்?" என்றுதான். என்னென்ன விலங்கு இருக்கிறது என்று தெரிய வேண்டுமா, எத்தனை இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? அதை முதலில் முடிவு செய்யுங்கள்.

முதல் கேள்விக்குக் கேமராவை அடிக்க ஆளில்லை. மரத்தில் முழங்கால் உயரத்தில் கட்டிவிட்டால், உடல் சூட்டோடு எது அசைந்தாலும் தானே படம் எடுக்கும். மரநாய், முள்ளம்பன்றி போன்ற இரவாடிகள் சில வாரங்களில் சிக்கிவிடும். ஆனால் அதன் பார்வை முழங்கால் உயரத்தோடு சரி. ஆனைமலை மழைக்காட்டில் அதை மட்டும் நம்பினால், மர உச்சியில் வாழும் சிங்கவால் குரங்கு பட்டியலிலேயே வராமல் போகலாம்.

எண்ணிக்கை என்று வந்தால் கதை வேறு. வரிகளை வைத்துப் புலிகளைத் தனித்தனியாக அடையாளம் காணலாம். 1990களில் புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் கேமரா வைத்து அப்படித்தான் கணக்கிட்டார். ஆனால் காட்டெருமைக்கு, அதாவது காட்டுமாட்டுக்கு, வரி ஏது? ஒரே மாடு பத்து முறை வந்ததா, பத்து மாடு வந்ததா என்று படம் சொல்லாது. தனி அடையாளம் தேவைப்படாத ஒரு கணக்கு 2008-ல் வந்தது. சரி, ஆனால் அதற்கு அந்த விலங்கு ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

அதனால் காட்டெருமைக்கு என் ஓட்டு பழைய லைன் ட்ரான்செக்டுக்கே. நேர்கோட்டில் நடந்து, கண்ட ஒவ்வொரு கூட்டமும் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றது என்று குறிக்க வேண்டும். தூரம் கூடக்கூடக் கண்ணில் படுவது எப்படிக் குறைகிறது என்பதை வைத்து, பார்க்காமல் விட்டதையும் கணிக்கலாம். நம்பும்படியான கணக்குக்கு 60 முதல் 80 பார்வைகளாவது வேண்டும். அரிய விலங்குகளுக்கு அது எட்டாக்கனி. இங்கே இன்னொரு ஆபத்து, சோம்பேறித்தனம். சரிவில் ஏறி இறங்கச் சலித்து எஸ்டேட் ரோட்டிலேயே நடந்தால், கிடைப்பது ரோட்டோரத்து மாடுகளின் கணக்கு, மலையின் கணக்கு அல்ல. காபிச் செடி மறைவில் திடீரென்று எதிர்ப்படும் காட்டெருமை முட்டவும் செய்யும், தனியாகப் போகாதீர்கள்.

சாணமும் கால்தடமும் 'இங்கே இருக்கிறது' என்று சொல்லப் போதும். அவற்றைப் படிக்க, மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடியினர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். சாணத்தை எண்ணி மாட்டை எண்ணுவதென்றால் அது எத்தனை நாளில் மக்குகிறது என்று தெரிய வேண்டும், மழைக்காலத்தில் அது பெரிய தலைவலி.

என்னைக் கேட்டால், சோலைத் துண்டுகளில் சில கேமராக்கள், காபித் தோட்டங்களில் ட்ரான்செக்ட். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதியும், தோட்டத்துக்கு உரிமையாளர் அனுமதியும் வேண்டும். விண்ணப்பத்தை முதல் செமஸ்டரிலேயே போட்டுவிடுங்கள்.