ரத்தக் கறைக்கு எது மேல்: என்சைம் தூளா, பெராக்சைடா?

என் தந்தைக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. இயந்திரத்தில் ரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் செலுத்துவதால், ஊசியை எடுத்த பிறகும் சில தடவை கசிவு நிற்கத் தாமதமாகும். முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் துண்டும் கைலியும் நனைந்திருக்கும். இரண்டு ஆண்டுகளாக அவற்றை நானே துவைத்து வருகிறேன்.

எந்த முறையானாலும் முதலில் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். கொதிநீர் பட்டால் ரத்தத்திலுள்ள புரதம், வெந்த முட்டையைப் போல இறுகி நூலைப் பற்றிக்கொள்ளும். கத்திரி வெயில் காலத்தில் மொட்டைமாடித் தொட்டி நீர் நண்பகலில் சுடுவதால், விடியற்காலையிலேயே ஒரு வாளி பிடித்து வைத்துவிடுகிறேன். ஈரம் காயாத கறைக்கு உப்பு நீரே போதும். ப்ளீச்சிங் பவுடரை வண்ணத் துணிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

காய்ந்த கறைக்குத்தான் போட்டி. மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் 20 வால்யூம் என்றிருந்தால் அது ஏறத்தாழ 6 சதவீதம். சம அளவு நீர் சேர்த்து 3 சதவீதமாக்கிக் கறையில் ஊற்றினால், ரத்தத்திலுள்ள கேட்டலேஸ் என்னும் நொதி அதை உடைக்க, நுரை பொங்கும். பத்து நிமிடத்தில் கறை மங்கிவிடும். அந்த வேகத்தில் மயங்கி, தொடக்கத்தில் ஆறு மாதம் அதையே பயன்படுத்தினேன்.

ஆனால் ரத்தத்தின் நிறத்தை வெளுக்கும் அதே வேலையைப் பெராக்சைடு துணியின் சாயத்திலும் செய்கிறது. ஒருமுறை ஊற்றினால் வேறுபாடு தெரியாது. எங்கள் வீட்டிலோ கறை எப்போதும் கை படியும் மடிப்பகுதியிலேயே விழும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் ஊற்றியதில், அப்பாவின் கருநீலக் கைலிகள் இரண்டில் அந்த இடம் மட்டும் வெளிறிப்போய், அவற்றைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார அவர் கூச்சப்பட்டார். கறை போயிற்று, அது இருந்த இடம் மட்டும் ஊருக்கே தெரிந்தது. அன்றாடம் உடுத்தும் துணிக்கு, கறை எத்தனை நிமிடத்தில் போகிறது என்பதைவிட இருபதாவது துவைப்புக்குப் பிறகு துணி எப்படி இருக்கிறது என்பதே முக்கியம் என்று அப்போதுதான் புரிந்தது.

அதன் பிறகு என்சைம் சேர்த்த சலவைத்தூளுக்கு மாறினேன். அதிலுள்ள புரோட்டியேஸ் என்னும் நொதி ரத்தப் புரதத்தைச் சிறு துண்டுகளாக அறுத்து நீரில் கரையவிடுகிறது; சாயத்தை வெளுப்பது அதன் வேலையன்று. அவசரத்துக்கு அது உதவாது, இரவு முழுவதும் ஊற வேண்டும். ஆயினும் வாளிதானே காத்திருக்கிறது, நானில்லை. இந்த நொதி வெதுவெதுப்பான நீரில் நன்கு வேலை செய்வதால், முதல் அலசலுக்கு ஆகாத தொட்டி நீர் வெயில் தணிந்த மாலையில் ஊறவைக்கப் பொருத்தமாகிவிடுகிறது. காலையில் கசக்கி அலசிய பின்னும் கறை எஞ்சியிருந்தால் மறுபடி ஊறவைக்கலாம். இஸ்திரி மட்டும் போடக் கூடாது, அந்தச் சூடு கறையை நிலைக்கச் செய்துவிடும்.

யாருடைய ரத்தமானாலும் கையுறை அணிந்தே துவைக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனோடு இருக்கக்கூடியது.

பெராக்சைடை நான் ஒதுக்கிவிடவில்லை. வெள்ளை வேட்டிக்கும், ஊறவைக்க முடியாத இலவம்பஞ்சு மெத்தைக்கும் அதுவே கைகொடுக்கிறது. மெத்தையில் ஊற்றாமல், துணியில் நனைத்து ஒற்றி எடுக்கிறேன். பட்டில் எனக்கு அனுபவம் குறைவு. பட்டு இழையே புரதம் என்பதால் என்சைம் தூள் அதற்கு ஆகாது. அம்மாவின் பட்டுச் சேலையில் ஒருமுறை தெறித்த துளியை உடனே குளிர்ந்த நீரால் ஒற்றியெடுத்தேன், போய்விட்டது. காய்ந்திருந்தால் சலவைக்காரரிடம்தான் கொடுத்திருப்பேன்.