"உங்கள் குதிரைக்கென்றே செய்த சேணம்" என்று 85,000 பிடுங்கினார்கள், முதுகும் கெட்டது – ஏமாந்துவிடாதீர்கள்

இன்று மதியம் கடைசி மெயிலும் வந்துவிட்டது. "தங்கள் குதிரையின் உடல் வடிவம் மாறியிருப்பதால் நாங்கள் பொறுப்பேற்க இயலாது." அவ்வளவுதான். 85,000 போயே போச்சு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் மரியாதையாக எழுதத் தோன்றும்.

பெயர் போடவில்லை. ஆன்லைனில் சேணம் விற்கும் தளம். "அளவும் போட்டோவும் அனுப்புங்கள், உங்கள் குதிரைக்கென்றே செய்து அனுப்புகிறோம்" என்று விளம்பரம் செய்யும் ரகம். வாங்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நம்பிக்கை வந்தது ஒரு வீடியோ காலில். பேசியவர் உளறவில்லை, அதுதான் வினை. வளைத்தால் வளைந்தபடியே நிற்கும் அளவுகோலால் மூன்று இடத்தில் முதுகின் வளைவை எடுத்துக் காகிதத்தில் வரைந்து அனுப்பச் சொன்னார். முதலாவது, தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரல் பின்னால். இரண்டாவது, முதுகு தாழ்ந்திருக்கும் இடத்தில். மூன்றாவது, கடைசி விலா எலும்பு போய்ச் சேரும் இடத்தில். குதிரை சமதரையில் நான்கு காலும் நேராக ஊன்றி நிற்க வேண்டும், தலை தூக்கியும் இருக்கக் கூடாது, தொங்கியும் இருக்கக் கூடாது, தலை ஏறி இறங்கினாலே முதுகின் வளைவு மாறும் என்றார். எல்லாம் சரிதான். கேமராவைக் கிட்டே கொண்டுபோகச் சொல்லி, விலாவை ஒவ்வொன்றாகத் தடவிக் கடைசி விலாவைக் காட்டச் சொன்னார். "பதினெட்டாவது விலாவோடு சேணத்தின் பாரம் முடிய வேண்டும். அதற்குப் பின்னால் இடுப்புப் பகுதி, தாங்குவதற்கு விலா கிடையாது" என்றார். இதையெல்லாம் தெரிந்து பேசுகிறவர் ஏமாற்றுவாரா என்று தோன்றிய அந்த நிமிடத்தில்தான் பணம் போனது. முழுப் பணமும் முன்கூட்டியே, 85,000, ஒரே தவணையில்.

நிபந்தனையில் ஒரு வரி இருந்தது: 7 நாளுக்குள், பயன்படுத்தாமல், தோலில் தடம் இல்லாமல் இருந்தால் மட்டுமே திருப்பி எடுப்பார்களாம். ஏறி ஓட்டிப் பார்க்காமல் சேணம் பொருந்துகிறதா என்று எப்படித் தெரியும்? ஓட்டினால் ரகாப்பு வார், அதாவது காலை ஊன்றும் வளையம் தொங்கும் வார், உரசிய தடம் அரை மணியில் விழுந்துவிடும். அந்த வரியைப் படித்தும் உறைக்கவில்லை.

ஐந்து வாரம் கழித்துச் சேணம் வந்தது. தையல் அருமை, தோல் அருமை. அதில் குறை சொல்ல முடியாது.

முதல் வாரமே குதிரை சொல்லிவிட்டது. வயிற்றுவாரை இழுக்கும்போது காதை மடக்கிக்கொண்டு திரும்பிக் கடிக்க வந்தது. ஏறியதும் முதுகு ஒரு நொடி கீழே அமுங்கி, இரண்டு மூன்று அடி குறுகலாக வைத்துவிட்டுத்தான் நடந்தது. பழைய சேணத்தில் இது எதுவும் கிடையாது. அன்றே எழுதினேன். வந்த பதில்: "புதுத் தோல். 20 மணி நேரம் ஓட்டுங்கள், இளகிவிடும்." தோல் இளகும், உண்மை. உள்ளே இருக்கும் சட்டம், ட்ரீ என்கிறோமே, அது இளகாது. மரமும் எஃகும் எங்கே இளகும்? சேணத்தின் அடியில் முதுகில் படும் மெத்தை, அதாவது பேனல், அதற்குள் அடைத்த கம்பளி வேறு ஓட்ட ஓட்ட அமுங்கும். அமுங்கினால் சேணம் இன்னும் கீழே இறங்கும். குறுகலான ட்ரீ அப்போது தோள்மேட்டை, அதாவது விதர்ஸை, இன்னும் இறுக்கித்தான் பிடிக்கும்.

மூன்றாவது வாரம் இடப்பக்கம் கேன்டர், அதாவது மெதுவான பாய்ச்சல், போகவே மறுத்தது. போனாலும் முன்கால் ஒரு பக்கத் தாளம், பின்கால் வேறு பக்கத் தாளம். இறக்கத்தில் அடி குறுகியது. வால் ஓயாமல் அடித்தது, தலை மேலேயே நின்றது. கேட்டதற்கு "பெட்டைக் குதிரைதானே, பருவத்துக்கு வந்திருக்கும்" என்று பதில், கூடவே சிரிக்கும் பொம்மை ஒன்று. பெட்டையின் பருவச் சுழற்சி சுமார் 21 நாள். அந்தக் குணம் சில நாள் இருக்கும், போகும். இது சேணம் ஏறினால் வருகிறது, இறக்கினால் போகிறது, ஒருநாள் தவறாமல். சூ டைசன் என்ற பிரிட்டன் கால்நடை மருத்துவர், சவாரியின்போது வலியுள்ள குதிரை காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டு 2018இல் வெளியிட்டார். காது பின்னால் மடங்கி நிற்பது, வாய் திறந்து மூடுவது, வால் அடிப்பது, வெறித்த பார்வை, தாளம் குலைவது இப்படி. அதில் 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். வீடியோவைப் போட்டு எண்ணியதில் 11 வந்தது. அந்த எண்ணிக்கையையும் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு புகார் எண் வந்தது, பத்து இலக்கத்தில்.

நான்காவது வாரம் வியர்வைத் தடம். சேணத்தைக் கழற்றியவுடன் முதுகைப் பாருங்கள், இதற்குச் செலவே இல்லை. முதுகெலும்புக்கு மேல் ஓடும் நடுக்கோடு காய்ந்திருப்பது இயல்பு, அங்கே சேணம் படக் கூடாது. பேனல் படும் இரண்டு பக்கமும் ஒரே சீராக ஈரமாக இருக்க வேண்டும். இங்கே தோள்மேட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவு காய்ந்த வட்டம். அந்த இடத்தில் சேணம் படாமலே போயிருந்தாலும் காய்ந்திருக்கும், அழுத்தம் அதிகமாகி வியர்வையே வர முடியாமல் போனாலும் காய்ந்திருக்கும். இரண்டில் எது என்று முடியைப் பார்த்தால் தெரியும். முடி கலைந்து, அரை மணியில் அங்கே வீக்கம் கிளம்பியது. அழுத்தம்தான். இது நீடித்தால் முடியின் வேர் கெட்டு அடுத்து முளைக்கும் முடி வெள்ளையாக வரும். வெள்ளை முடி தெரியும்போது காயம் பழசாகியிருக்கும்.

போட்டோவோடு எழுதினால், கெட்டியான ஜெல் பேட் போடச் சொன்னார்கள். அதையும் அவர்களே விற்கிறார்கள்! ட்ரீ குறுகலாக இருக்கும்போது அடியில் பேட் திணிப்பது, காலைக் கடிக்கும் ஷூவுக்குள் இன்னொரு சாக்ஸ் போடுவது போல. அகலம் அதிகமான சேணத்தைக் கொஞ்ச நாள் சரிக்கட்டத்தான் பேட் உதவும்.

அன்றைக்குத்தான் புத்தி வந்து, அவர்களுக்கு அனுப்பிய முதல் வரைபடத்தின் நகலைக் கெட்டி அட்டையில் வெட்டி, சேணத்தைக் கவிழ்த்து முன்பக்கம் வைத்துப் பார்த்தேன். அட்டை உள்ளேயே போகவில்லை. குதிரையின் முதுகு விரிந்த கோணம், சேணத்தின் ட்ரீ முனைகள் குறுகிய கோணம். கீழ்முனை இரண்டும் தசைக்குள் குத்தும், மேலே காற்றுப் புகும். பேனல்களுக்கு நடுவே ஓடும் கால்வாய் முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்றரை விரல். கடைசிவரை மூன்று நான்கு விரல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பத்தில் பேனல் முதுகெலும்பின் மேலேயே ஏறிவிடும். சவாரி இல்லாமல் சேணத்தைக் குதிரைமேல் வைத்து அடியில் கை விட்டால் முன்னாலும் பின்னாலும் கை நசுங்குகிறது, நடுவில் தாராளமாகப் போகிறது. பாலம் போல நாலு மூலையில் மட்டும் பாரம். ரகாப்பு வார் தொங்கும் மடிப்புக்கு அடியில் பார்த்தால் அளவு முத்திரை: சாதாரண மீடியம். யாருக்கும் பொதுவாகச் செய்து அடுக்கியதில் ஒன்று. மூன்று வரைபடத்தையும் அவர்கள் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இதற்குத்தான் 85,000.

இனி அவர்கள் சாமர்த்தியம். ஏழாவது வாரம் புது வரைபடம் கேட்டார்கள். அனுப்பினேன். அதற்குள் தோள்மேட்டுக்குப் பின்னால் தசை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது. தொடர்ந்து அழுத்தினால் தசை இளைக்கும், வேறென்ன செய்யும்? அந்தப் பள்ளத்தைக் காட்டித்தான் "உடல் வடிவம் மாறிவிட்டது" என்று மெயில். தங்கள் சேணம் செய்த காயத்தையே தங்களுக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள்! அதோடு விடாமல், "முதுகெலும்பு விலகியிருக்கலாம், எங்கள் தெரப்பிஸ்ட் வந்து சரியாக உட்கார வைப்பார், தனிக் கட்டணம்" என்று ஒரு யோசனை. அரை டன் மிருகத்தின் முதுகெலும்பு, அத்தனை தசைக்கும் தசைநாருக்கும் நடுவே, விலகி நின்று ஒருவர் கைபட்டதும் போய் உட்காராது. தசையைத் தளர்த்திவிடலாம், அது வேறு வேலை. அதுவும் மருத்துவர் பார்த்த பிறகு.

கால்நடை மருத்துவர் வந்தார். முதலில் பின்னங்காலை மடக்கிப் பிடித்துவிட்டு டிராட், அதாவது துள்ளுநடை, ஓடவிட்டுப் பார்த்தார். பின்னங்கால் மூட்டு வலியில் முதுகை இறுக்கிக்கொள்ளும் குதிரைகள் நிறைய. பல்லையும் பார்த்தார். எக்ஸ்ரேயில் பதினைந்தாவது, பதினாறாவது முதுகெலும்புகளின் மேல்முனைகள் நெருங்கியிருந்தன. முனைகள் ஒன்றோடொன்று உரசி வலிக்கும் கிஸ்ஸிங் ஸ்பைன் என்று பயந்தால், படத்தில் நெருக்கம் தெரிந்தும் வலியே இல்லாத குதிரைகள் ஏராளம் என்றார். அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து ஓடவிட்டும் நடையில் வித்தியாசம் இல்லை. ஆக அது காரணமில்லை. தோள்மேட்டுக்குப் பின்னால் விரலின் தட்டைப் பகுதியால் அழுத்தியபோது மட்டும் மூன்று முறையும் ஒரே இடத்தில் முதுகு நழுவிக் கீழே போனது. ஒரு முறை துடித்தால் கூச்சமாக இருக்கலாம், ஈ உட்கார்ந்ததாகவும் இருக்கலாம். மூன்று முறையும் ஒரே இடம் என்றால் வலி.

கழுத்தும் கெட்டிருந்தது. முதுகு வலிக்கும் குதிரை தலையைத் தூக்கி முதுகைக் குழித்துக்கொள்ளும், அப்போது கழுத்தின் அடித்தசை எல்லா வேலையையும் செய்து பருத்துவிடும், மேல்தசை இளைக்கும். கேரட்டைக் காட்டினால் வலப்பக்கம் வாய் விலாவரை வந்தது. இடப்பக்கம் முழங்கைக்கு மேல் வரவில்லை, தலையைச் சாய்த்துத் திருட்டுத்தனம் செய்தது. இது தசை இறுக்கம், தேறும். தரையில் மேய முன்காலை அகல விரிப்பதும், தலையைத் தாழ்த்தவே முடியாததும் வேறு விஷயம், அங்கே கழுத்து மூட்டைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதைக்குத் தீவனத்தையும் தண்ணீரையும் மார்பு உயரத்தில் வையுங்கள். நடக்கும்போது வாலைப் பக்கவாட்டில் இழுத்தால் தடுமாறுகிறது, சின்ன வட்டத்தில் திருப்பினால் பின்கால் வெளியே வீசுகிறது என்றால் தண்டுவடம் நசுங்கியிருக்கலாம். அதன்மேல் ஏறவே கூடாது.

இப்போதைக்குச் சேணமே இல்லை. கையில் பிடித்து நடை, தரையில் கம்பு போட்டுத் தாண்ட வைப்பது, மேட்டில் மெதுவாக ஏற்றுவது. உடம்பு சூடான பிறகு கேரட் நீட்டல்: மார்புக்கு, முன்கால்களுக்கு நடுவே, இரண்டு பக்க விலாவுக்கு, ஒவ்வொன்றும் ஐந்து முறை, சில நொடி நிறுத்தி. வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இதை 3 மாதம் ஒழுங்காகச் செய்த குதிரைகளில் முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள் பருத்ததை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பள்ளம் நிரம்பிய பிறகுதான் அடுத்த அளவு, அடுத்த சேணம். 85,000 போன பிறகு அடுத்த சேணத்துக்குப் பணம் எங்கே என்பது தனிக் கதை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். எழுத எழுதக் கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். ஓட்டிப் பார்க்க நாள் தருவதாக எழுத்தில் வாங்குங்கள், "தடம் விழுந்தால் திருப்ப முடியாது" என்ற வரி இருந்தால் அங்கேயே மூடிவிடுங்கள். வரைபடத்தில் தேதி போட்டு நகல் வையுங்கள், சேணம் வந்த அன்றே அட்டையை வெட்டி வைத்துப் பாருங்கள், வீடியோவும் எடுங்கள். போட்டோவில் முதுகின் அகலம் தெரியாது, யார் என்ன சொன்னாலும். மருத்துவர் வருவதற்கு முன் வலிமருந்து கொடுத்துவிடாதீர்கள், காட்ட வேண்டிய வலி மறைந்துவிடும். "பழகிக்கொள்ளும்" என்று எவன் சொன்னாலும் அன்றே சேணத்தைக் கழற்றுங்கள்.