குளிர்கால ஓய்வுக்கு எந்தத் தீவு: அந்தமானா, மாலத்தீவா, லட்சத்தீவா?

தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றுக்குக் குளிர்காலத்தில் வெளியூர் செல்ல வாய்ப்பவை பெரும்பாலும் இரண்டே தவணைகள்தாம்: அரையாண்டுத் தேர்வு முடிந்து வரும் டிசம்பர் கடைசி வாரம் ஒன்று, ஜனவரி நடுவில் பொங்கலை ஒட்டி வரும் நாட்கள் மற்றொன்று. எந்தத் தீவுக்குப் போவது என்பதை முடிவு செய்யும்போது, கடற்கரையின் அழகைவிட முதலில் பார்க்க வேண்டியவை, இந்த இரண்டில் எதில் புறப்படுகிறோம் என்பதும், வழியில் எத்தனை முறை பெட்டியைத் தூக்கி இறக்க வேண்டியிருக்கும் என்பதும்தான். ஊர் சுற்றிப் பார்ப்பது நோக்கமானால் கணக்கு வேறு. இங்கே பேசப்படுவது ஓரிடத்தில் தங்கி, நீந்தி, உண்டு, உறங்கி எழும் ஓய்வைப் பற்றி மட்டுமே.

அந்தமான் இரு பருவமழைகளையும் வாங்கிக்கொள்ளும் இடம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்களில் பலவும் அதன் அருகில்தான் பிறக்கின்றன. 2016 டிசம்பர் தொடக்கத்தில், பின்னர் வர்தா புயலாக வலுத்துச் சென்னையைத் தாக்கிய அதே தாழ்வு மண்டலத்தால் படகுப் போக்குவரத்து நின்றுபோய், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் ஹேவ்லாக், நீல் தீவுகளில் சிக்கிக்கொண்டனர். கடற்படைக் கப்பல்கள் சென்றுதான் அவர்களை மீட்டன. எல்லா டிசம்பரும் அப்படி அமைவதில்லை என்றாலும், மழையும் கொந்தளிப்பும் விலகி, நீர் தெளிந்து, படகுகள் நேரத்துக்கு ஓடுவது ஜனவரி நடுவிலிருந்துதான். மாலத்தீவின் நிலை இதற்கு நேர்மாறு. நமக்கு மழை கொண்டுவரும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலமே அவர்களுக்கு வறண்ட பருவம். டிசம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை அது நீடிக்கிறது. டிசம்பர் முதற்பாதியில் மழை எட்டிப் பார்ப்பதுண்டு, பிப்ரவரியும் மார்ச்சும் மிகவும் வறண்டவை. நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் புயல் அச்சமும் அங்கே குறைவு. ஆகவே டிசம்பர் கடைசி வாரம்தான் கிடைக்கும் என்பவர்கள் வானிலையை மட்டும் கருதினால் மாலத்தீவின் பக்கமே சாய வேண்டியிருக்கும்.

சென்னையிலிருந்து அந்தமானின் தலைநகருக்கு, அதாவது 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்கு, விமானத்தில் இரண்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். ஓய்வுக்குரிய கடற்கரைகள் அங்கே இல்லை. ஸ்வராஜ் தீவு என்று 2018-இல் பெயரிடப்பட்ட ஹேவ்லாக்குக்கும், ஷஹீத் தீவு என்று பெயரிடப்பட்ட நீலுக்கும் மறுபடியும் படகேற வேண்டும். பயண முகவர்கள் பொதுவாக விற்கும் ஐந்து இரவுத் திட்டம் இந்த மூன்று இடங்களையும் தொட்டு வருவது. அதில் மூன்று விடுதிகளும், மூன்று படகுப் பயணங்களும், ஒவ்வொரு துறையிலும் ஒரு காத்திருப்பும் அடங்கியிருக்கின்றன. ஓய்வு தேடிச் செல்பவர் அந்தத் திட்டத்தைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். தலைநகரிலிருந்து நீலுக்கு நேரடியாகவே படகு உண்டு. காய்கறித் தோட்டங்களும் வயல்களுமாக, சைக்கிளிலேயே சுற்றிவிடக்கூடிய அந்தச் சிறு தீவில் நான்கு இரவுகள் தங்குவது, ஹேவ்லாக்கையும் சேர்த்து அரக்கப்பரக்கப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

ஆயினும் விளம்பரப் படங்கள் சொல்லாத ஒன்று உண்டு. அந்தமானில் எப்போது குளிக்கலாம் என்பதைக் கடிகாரம் அல்ல, கடலின் ஏற்றவற்றமே தீர்மானிக்கிறது. நீல் தீவின் பரத்பூர் கடற்கரையில் நீர் ஏறியிருக்கும்போது கண்ணாடிப் பச்சையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். வற்றியபின் அதே இடத்தில் பவளக் கற்கள் தலைகாட்ட, படகுகள் ஈர மணலில் சாய்ந்து கிடக்க, வெறுங்காலுடன் நடப்பதே சிரமமாகிவிடும். ஹேவ்லாக்கில் பெரும்பாலான விடுதிகள் அமைந்துள்ள மூன்றாம், ஐந்தாம் எண் கடற்கரைகளிலும் இதே நிலைதான். மேற்குக் கரையில் உள்ள ராதாநகர் மட்டும் அகன்ற மணற்பரப்பாதலால் இதற்குப் பெரிதும் விலக்கு. ஆனால் அது படகுத்துறையிலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. எனவே ‘கடலை ஒட்டிய அறை’ என்று அதிக வாடகை கொடுப்பதற்கு முன், தங்கும் நாட்களில் எந்நேரம் நீர் ஏறும் என்பதை விடுதியில் கேட்டுக்கொள்வது பயன்தரும். முதலை எச்சரிக்கைப் பலகை நட்டிருக்கும் இடங்களில் எந்நேரமும் இறங்காதிருப்பது நல்லது.

மாலத்தீவில் இந்தத் தொல்லை குறைவு. தீவைச் சூழ்ந்த பவளத்திட்டு அலையை வெளியிலேயே தடுத்துவிடுவதால், கரையோரம் பெரும்பாலும் குளம்போல் அமைதியாக இருக்கிறது. ஒரு தீவுக்கு ஒரு சொகுசு விடுதி என்ற ஏற்பாடு 1972 முதல் அங்கே நிலைத்துவிட்டதால், இறங்கியபின் பெட்டியைத் திறந்து வைத்துவிடலாம். இந்தியர்களுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை; பயண விவரங்களைப் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவுசெய்தால் போதுமானது. ஆனால் அறை வாடகையைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஏமாறுவார்கள். பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 சதவீதச் சேவைக் கட்டணமும், அதன்மேல் 2025 ஜூலை முதல் 17 சதவீதமாக உயர்ந்துள்ள சுற்றுலா வரியும் சேரும் என்று பொருள். நூறு டாலர் என்று கண்டது ஏறத்தாழ நூற்று இருபத்தொன்பது டாலராகிவிடும். இதற்கு மேல் ஆளுக்கு இரவொன்றுக்கு 12 டாலர் பசுமை வரி. இருவர் நான்கு இரவுகள் தங்கினால் இதற்கு மட்டுமே 96 டாலர். விமான நிலையத்திலிருந்து விரைவுப் படகுக்கோ கடல் விமானத்துக்கோ தனிக் கட்டணம் உண்டு. கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறப்பதால், மாலையில் தலைநகர் மாலேயில் இறங்குபவர்கள் அன்றிரவை அங்கேயே கழிக்க வேண்டிவரும். டிசம்பர் கடைசி வாரத்தில் பல விடுதிகள் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துகளைக் கட்டாயமாக்கி அதற்கும் பணம் வாங்குகின்றன. தீவில் வேறு கடையே இருக்காது என்பதால், உணவையும் சேர்த்த திட்டத்தையே எடுப்பது அறிவுடைமை.

சொகுசு விடுதிக்கு மாற்று, மக்கள் வாழும் தீவுகளில் உள்ள விருந்தினர் இல்லங்கள். மாஃபுஷி, துலுஸ்தூ, திகுரா போன்ற இடங்களில் சிறிய இல்லங்களுக்குப் பசுமை வரி 6 டாலர்தான், வாடகையும் பல மடங்கு குறைவு, கடல் மட்டும் அதே கடல். மது அங்கே கிடையாது. நீச்சலுடைக்கென ஒதுக்கிய கரையைத் தவிர மற்ற இடங்களில் அடக்கமான உடை வேண்டும். வெள்ளிக்கிழமை பொதுப் படகுகள் பெரும்பாலும் ஓடுவதில்லை. இந்த மூன்றும் நம் குடும்பங்களுக்குப் பெரிய இடையூறாக இருக்கப்போவதில்லை. உணவுதான் சிக்கல். காலைச் சிற்றுண்டியான மாஸ் ஹுனியே சூரை மீனும் தேங்காய்த் துருவலும் கலந்தது; சைவர்கள் முன்பதிவின்போதே சொல்லிவைப்பது அவசியம். இந்த ஒரு விஷயத்தில் அந்தமானுக்கு இணையில்லை. தமிழர்கள் நெடுங்காலமாகக் குடியிருக்கும் அந்தத் தீவுகளில் இட்லி தோசைக்கும் தமிழில் பேசுவதற்கும் அலைய வேண்டியதில்லை.

லட்சத்தீவு மூன்றிலும் அமைதியானது, திட்டமிடக் கடினமானதும் அதுவே. இந்தியராயினும் நுழைவு அனுமதி வேண்டும். கொச்சியிலிருந்து அகத்திக்குச் செல்லும் சிறு விமானத்தில் இடமும், தங்குமிடமும், அனுமதியும் ஒரே தேதிகளில் பொருந்திவர வேண்டும். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளைக் காட்டும் கப்பல் திட்டத்தில் இரவுகள் கப்பலிலேயே கழிவதால் அதை ஓய்வென்று சொல்ல மாட்டேன். அகத்தியிலோ, அங்கிருந்து படகில் செல்லும் பங்காரத்திலோ அறை கிடைத்தால், மாலத்தீவுக்கு நிகரான கடல் பாஸ்போர்ட் இல்லாமலே வாய்க்கும். பகல் வெளிச்சமும் அங்கே மாலையில் நீளும். டிசம்பரில் அந்தமானில் ஐந்து மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிட, அதே இந்திய நேரத்தில் இயங்கும் லட்சத்தீவில் ஆறு மணிக்குப் பிறகும் கரையில் உட்கார்ந்திருக்கலாம். தாமதமாக எழும் வழக்கமுள்ளவர்களுக்கு இது சிறிய வேறுபாடு அல்ல.

ஆகையால் அரையாண்டு விடுமுறைக்கு மாலத்தீவின் விருந்தினர் இல்லத்தையும், பொங்கலுக்கு நீல் தீவையும் நான் தேர்வேன். தேதியை விருப்பம்போல் நகர்த்த முடிந்த இருவருக்கு மட்டும் லட்சத்தீவைப் பரிந்துரைப்பேன். நீலுக்குச் செல்பவர்கள் அறைக்கு முன்னதாகப் படகுச் சீட்டை உறுதிசெய்துகொள்ள வேண்டும். திரும்பும் படகையும் சென்னை விமானத்தையும் ஒரே நாளில் வைக்காமல், கடைசி இரவை ஸ்ரீ விஜயபுரத்தில் தங்குவதாகத் திட்டமிட்டால், ஒரு படகு ரத்தானாலும் விமானம் தவறாது.