கியூபேஸ் புரோவில் வீணையும் மிஸ்ர சாப்பும்: ஒரு பயன்பாட்டு மதிப்புரை

ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா நெருங்கும்போது, சமூக மன்ற நாடகங்களுக்கும் பள்ளி நிகழ்ச்சிகளுக்கும் பின்னணி இசை அமைத்துத் தரும்படி என்னைச் சிலர் கேட்பதுண்டு. வேலை முடிந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பிய பிறகு, அண்டை வீட்டாருக்குத் தொந்தரவில்லாமல் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காரும் இரண்டு மணி நேரமே எனக்குக் கிடைப்பது. அந்த நேரத்தில் பாதி, கருவிகளைத் தேடி எடுத்துச் சீர்செய்வதிலேயே கழிந்துவிட்டால் இசைக்கு மிஞ்சுவது மிகக் குறைவு. ஆகவே, கணினியில் இசையைப் பதிவுசெய்து அமைக்க உதவும் கியூபேஸ் புரோ மென்பொருளில் உள்ள தட முன்னமைவு (ஒரு தடத்தின் அமைப்புகளைச் சேமித்து மீண்டும் எடுப்பது), மிடி எஃபெக்ட் (எந்த விசை, எவ்வளவு அழுத்தம் என்று கருவிக்குச் சொல்லும் 'மிடி' குறிப்புகளை மாற்றுவது) என்ற இரண்டு வசதிகளை மட்டும், கர்நாடக இசையின் அடிப்படை தெரிந்த ஒருவருக்கு அவை எவ்வளவு உதவும் என்ற நோக்கில் இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் தட முன்னமைவு. ஒரு கருவித் தடத்தை முன்னமைவாகச் சேமிக்கும்போது, எந்த மென்கருவி (மென்பொருள் வடிவிலான இசைக்கருவி) ஏற்றப்பட்டிருக்கிறது, அதன் உள்ளமைப்பு என்ன, ஒலி எஃபெக்ட்கள், ஈக்வலைசர், ஒலியளவு, இடவல நிலை ஆகியவற்றோடு மிடி எஃபெக்ட்களும் சேர்ந்தே பதிவாகின்றன. இதன் பயனை வீணைத் தடத்தை வைத்து விளக்கலாம். விசைப்பலகையில் கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் வளைத்தும் வாசிக்க, சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் வேண்டும். பல மென்கருவிகளில் அதன் வீச்சு தொடக்கத்தில் இரண்டு அரைச்சுரங்களாகவே (அடுத்தடுத்த இரு விசைகளின் இடைவெளி ஓர் அரைச்சுரம்) அமைந்திருக்கும். சட்ஜமத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே இழுப்பில் வழுக்கி ஏறும் ஜாரு என்ற கமகத்துக்கு ஏழு அரைச்சுரங்கள் தேவை. வீச்சைப் பன்னிரண்டாக மாற்றி, மேல் அலைவரிசைகளைச் சற்றுக் குறைத்து, சிறிய அறையின் எதிரொலியைச் சேர்த்து ஒருமுறை சேமித்துவிட்டேன். இப்போது புதிய திட்டக்கோப்பைத் திறந்து அந்த முன்னமைவைத் தேர்ந்தெடுத்தவுடன், போன ஆண்டு நான் விட்ட இடத்திலேயே வீணை காத்திருக்கிறது. தம்புரா, நாகசுரம், மிருதங்கம், வயலின் குழு என்று இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடங்கள் சேர்ந்துவிட்டால், அது ஒருவர் தம் கையாலேயே அமைத்துக்கொண்ட வாத்தியக்குழு. பல தடங்களைச் சேர்த்து ஒரே முன்னமைவாகச் சேமிக்கவும் முடியும். ஆனால் அதைப் பொருத்தும் இடத்தில் தடங்களின் எண்ணிக்கையும் வகையும் வரிசையும் அப்படியே ஒத்திருக்க வேண்டும் என்பதால் எனக்கு அது அதிகம் பயன்படவில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. முன்னமைவில் இருப்பவை அமைப்புகள் மட்டுமே. கருவியின் ஒலிப்பதிவுகள் அதில் இல்லை. வேறொரு நிறுவனத்தின் வீணை ஒலித்தொகுப்பை நான் புதிய கணினியில் நிறுவ மறந்துவிட்டு, ஒத்திகைக்கு முந்தைய இரவில் முன்னமைவைத் திறந்தபோது தடம் ஊமையாக நின்றது. முன்னமைவின் பெயரிலேயே அது சார்ந்திருக்கும் கருவியின் பெயரையும் எழுதிவைக்கும் வழக்கம் எனக்கு அன்றுதான் வந்தது.

மிடி எஃபெக்ட்கள் வேறு வகையானவை. இவை ஒலியைத் தொடுவதில்லை. விசையிலிருந்து கருவிக்குச் செல்லும் குறிப்புகளையே வழியில் மாற்றுகின்றன. ஒரு தடத்தில் நான்கு எஃபெக்ட்களை வரிசையாக வைக்கலாம், வரிசை மாறினால் விளைவும் மாறும். கார்டர் ஒரு விசையை ஸ்வரக் கூட்டாக விரிக்கிறது, ஆர்பாஷ் அந்தக் கூட்டை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்கிறது. ஆர்பாஷை முன்னே வைத்தால் ஒவ்வொரு அடியும் முழுக் கூட்டாக விழும். இவை வாசிக்கும் நேரத்தில் மட்டுமே இயங்குகின்றன, இயல்பாகத் தடத்தில் பதிவாவது நம் விரல் அழுத்திய விசைகள்தாம். மாறிய வடிவமே நிலைக்க வேண்டுமென்றால் மிடி பட்டியலில் உள்ள 'மெர்ஜ் மிடி இன் லூப்' கட்டளையைப் பயன்படுத்தலாம். அதன்பின் எஃபெக்டை நீக்காவிட்டால் அது இரண்டாம் முறையும் செயல்படும்.

தாளத்துக்கு உதவும் மிடி எஃபெக்டான பீட் டிசைனரை நான் மனமாரப் பாராட்டுவேன். தாள ஒலிகளுக்கு எட்டு வரிகள், ஒரு வடிவத்துக்கு அதிகபட்சம் 64 கட்டங்கள். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாப்பு தாளம் வேண்டுமென்றால் திட்டத்தை 7/8 அளவில் அமைத்து, கட்டங்களைப் பதினான்காக வைத்துத் 'தகிட தக திமி' என்று நிரப்பலாம். ஐந்து எண்ணிக்கை கொண்ட கண்ட சாப்புக்குப் பத்துக் கட்டங்கள். ஒவ்வொரு அடியின் வலிமையையும் கட்டத்திலேயே ஏற்றி இறக்கலாம். ஒரு வரியை மட்டும் மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்தவும் முடிவதால், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் அடி வலப்பக்கமான வலந்தலைக்குச் சற்றுப் பின்னே விழும்படி செய்து, இயந்திரத் தாளத்தின் விறைப்பைக் குறைக்கிறேன். அமைத்த வடிவத்தை அப்படியே தடத்தில் குறிப்புகளாக இறக்கிவிடலாம் என்பதால், கோர்வைகளை (முடிவுத் தாள அமைப்புகளை) பிறகு கையால் திருத்தவும் தடையில்லை.

சுரத்தைக் கையாளும் எஃபெக்ட்களிடம் இதே நம்பிக்கையை வைக்க முடியாது. மிடி மாடிஃபயர்ஸ் எஃபெக்டில் ஒரு ஸ்கேலைத் தேர்ந்தெடுத்தால், அதற்கு வெளியே அழுத்தும் விசைகளெல்லாம் அதற்குள் தள்ளப்படும். ஐந்து சுரங்களே கொண்ட மோகன ராகத்துக்கு இது சரியாகப் பொருந்துகிறது. பிழையான விசை தொட அஞ்சும் மாணவர்களுக்கு இது நல்ல துணை. பிலகரி ராகத்துக்கு வந்தவுடன் இந்தத் துணை நின்றுவிடுகிறது. அதன் ஆரோகணம் (ஏறுவரிசை) மோகனத்தைப் போல ஐந்து சுரம், அவரோகணம் (இறங்குவரிசை) சங்கராபரணத்தைப் போல ஏழு சுரம். ஐந்தைத் தேர்ந்தெடுத்தால் இறங்கும்போது மத்தியமமும் நிஷாதமும் காணாமல் போகும், ஏழு சுரத்தைத் தேர்ந்தெடுத்தால் ஏறும்போது காவல் இல்லை. ராகத்தை வெறும் சுரப்பட்டியலாகக் கொள்ளும் எந்தக் கருவிக்கும் இந்த எல்லை உண்டு. கார்டரோடு கமகம் வாசிப்பதும் பொருந்தாது; பிட்ச் பெண்ட் சேனல் முழுவதற்கும் பொதுவானதால் கூட்டிலுள்ள எல்லாச் சுரங்களும் சேர்ந்தே வளையும்.

மைக்ரோ ட்யூனர் என்ற மிடி எஃபெக்டைப் பற்றி எழுதத்தான் இந்த மதிப்புரையையே தொடங்கினேன் என்றும் சொல்லலாம். ஒரு ஸ்தாயியின் பன்னிரண்டு விசைகளையும் தனித்தனியே சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் ஏற்றி இறக்க இது இடம் தருகிறது. எல்லா அரைச்சுரங்களும் சம அளவான விசைப்பலகையின் சமச்சுருதியில் அந்தர காந்தாரம் சட்ஜமத்திலிருந்து 400 சென்ட்; தம்புராவின் மீட்டலுக்குள் இயல்பாக ஒலிக்கும் காந்தாரமோ ஏறத்தாழ 386. இந்தப் பதினான்கு சென்ட்டைக் குறைத்துவிட்டுத் தம்புராத் தடத்தின்மேல் அந்தச் சுரத்தை நீட்டிக் கேட்டால், இதுவரை உறுத்திய ஏதோ ஒன்று அடங்கிவிடுகிறது. பாடகி ஐந்து கட்டைச் சுருதியில் (சட்ஜமம் 'ஜி' விசையில்) பாடினால் குறைக்க வேண்டிய விசை 'பி'. ஐந்தரைக் கட்டை என்றால் 'சி'. ஒவ்வொரு சுருதிக்கும் தனித்தனித் தட முன்னமைவு வைத்திருக்கிறேன், ஒத்திகையில் சுருதி மாறினால் முன்னமைவை மாற்றுவதோடு வேலை முடிகிறது. ஆனால் ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் ஹாலியன் போன்ற, இந்த நுண்சுருதி வசதியை ஏற்கும் மென்கருவிகளில் மட்டுமே இது இயங்கும்.

1989இல் அட்டாரி எஸ்டி கணினிக்காக ஹாம்பர்க்கின் ஸ்டைன்பெர்க் வெளியிட்ட மென்பொருளின் வழித்தோன்றல் கியூபேஸ் புரோ. 2022இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பு முதல் யூஎஸ்பி பூட்டுச்சாவி தேவையில்லை, ஓர் உரிமத்தை மூன்று கணினிகளில் பயன்படுத்தலாம். வீட்டு மேசைக்கணினியையும் ஒத்திகைக்குத் தூக்கிச் செல்லும் மடிக்கணினியையும் வைத்திருக்கும் என் போன்றோருக்கு இது போதும். குறைந்த விலைப் பதிப்புகளில் எல்லா வசதிகளும் இல்லை என்பதால், வாங்குமுன் பதிப்புகளின் ஒப்பீட்டுப் பட்டியலில் பீட் டிசைனரும் மைக்ரோ ட்யூனரும் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.