தறிச் சத்தத்தில் ஆடிய சீரியஸ் சாம் 2

சீரியஸ் சாம் என்ற கம்ப்யூட்டர் துப்பாக்கிச் சண்டை ஆட்டத் தொடரை விரும்பி ஆடுகிறவர்களிடம் இரண்டாம் பாகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும். "அதையெல்லாம் கணக்குலயே சேக்காதீங்க, அது பொம்மைப் படமுங்க" என்பார்கள். 2005 அக்டோபரில் வெளிவந்த நாளிலிருந்து இந்தச் சண்டை ஓயவில்லை. நான் அதை 2006 கோடை லீவில் முதன்முதலாக ஆடினேன். பிறகு இரண்டு தடவை முழுக்க முடித்தேன். இப்போது கோயமுத்தூரில் ஆறு மாதமாக, வாரம் ஒரு ராத்திரி என்று மறுபடி ஆடிக்கொண்டிருக்கிறேன். எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் பிரியம் உண்டு. அது எங்கிருந்து வந்தது என்பது இந்தத் தடவைதான் பிடிபட்டது.

எங்கள் வீடு குமாரபாளையத்தில். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் பட்டறை, 12 விசைத்தறி. நாடா இங்கும் அங்கும் அடிபடும் சத்தம் பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று நிற்காமல் ஓடும். மேஜை மேல் வைத்த டம்ளர்த் தண்ணீரில் வளையம் வளையமாக அதிர்வு தெரியும். அந்த மேஜையில்தான் கம்ப்யூட்டர். ஸ்பீக்கரை எவ்வளவு கூட்டினாலும் தறிதான் ஜெயிக்கும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. குரோஷியாவின் ஜாக்ரெப் நகரத்தில் இருக்கும் க்ரோட்டீம் என்ற கம்பெனி 2001-இல் கொண்டுவந்த முதல் ஆட்டம், தி ஃபர்ஸ்ட் என்கவுன்டர், காதால் ஆட வேண்டிய ஆட்டம். எகிப்து மணல்வெளி. நாலா பக்கமும் வெட்டவெளி. எதிரி எந்தத் திசையிலிருந்தும் வரலாம், நூறு பேராகவும் வரலாம். கண் ஒரு பக்கம்தான் பார்க்கும். மிச்ச மூன்று பக்கத்தையும் காது பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு சத்தம் கொடுத்திருந்தார்கள். தலையில்லாத தற்கொலைப்படை ஆள் இரண்டு கையிலும் குண்டோடு அலறிக்கொண்டே ஓடி வருவான். அலறல் எந்தப் பக்கம் பெருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பிச் சுட்டால் தப்பித்தோம். கிளீர் என்ற எலும்புக்கூடு குளம்புச் சத்தத்தோடு நாலுகால் பாய்ச்சலில் வரும். காளை வருவது காட்டுமாட்டு மந்தை மிரண்டு ஓடுவது போல இருக்கும். இந்தச் சத்தங்கள் கேட்காமல் ஆடினால் முதுகில் அடிவாங்கியே செத்துப்போவோம். நானும் அப்படித்தான் நூறு தடவை செத்தேன். கஷ்டமான ஆட்டம் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பாகம் வந்ததும் நிலைமை தலைகீழானது. மாமா பையன், எனக்கு இரண்டு வயது மூத்த மச்சான், பவானியிலிருந்து தன் கம்ப்யூட்டரை டிவிஎஸ் ஃபிப்டியில் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு பாலம் தாண்டி வருவார். முதல் ஆட்டத்தில் ஒரே திரையைப் பிளந்து இரண்டு பேர் ஆடலாம். இதில் அந்த வசதி கிடையாது, ஆளுக்கொரு பெட்டி வேண்டும். வீட்டுக்குள் ஒரு வயரை இழுத்து இரண்டையும் சேர்ப்போம். பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலே கேட்காத அந்த அறையில், தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஆடுவோம்.

"மாப்ள, சோத்தாங்கைப் பக்கம் காண்டாமிருகம் வருது பாரு! ஒதுங்கு, ஒதுங்கு!"

"பாத்துட்டனுங்க மச்சா, நீங்க அந்தக் கோட்டுக்காரனைப் பாருங்க!"

சாவி கொடுத்து ஓடவிடும் பொம்மை மாதிரி ஒரு இயந்திரக் காண்டாமிருகம். கோட்டு சூட்டு போட்டு, கையில் துப்பாக்கியோடு வரும் பங்குச்சந்தைத் தரகர் பிணங்கள்.  எல்லாருமே மிட்டாய்க் கடை நிறத்தில். இவர்களை அடையாளம் காணச் சத்தமே தேவையில்லை. தூரத்தில் உருவம் தெரிந்தால் போதும், யார், எவ்வளவு வேகமாக வருவான், எதை எடுக்க வேண்டும் என்று கை முடிவு செய்துவிடும். பொம்மைப் படம் என்று திட்டுகிறார்களே, அந்தப் பொம்மைத்தனம்தான் காது கேளாத அறையில் இருந்த எங்களுக்கு ஆட்டத்தைத் திறந்துவிட்டது. நிழலுருவம் பளிச்சென்று இருப்பது படம் வரைகிறவர்களுக்கே உள்ள ஒரு பெரிய திறமை. அதை யாரும் இந்த ஆட்டத்தின் கணக்கில் வரவு வைத்ததாகத் தெரியவில்லை.

இந்த ஆட்டம் வந்த வருடத்தின் மற்ற ஆட்டங்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். டூம் 3 முந்தைய வருடம்தான் வந்திருந்தது. டார்ச் அடித்துக்கொண்டு இருட்டில் நடக்க வேண்டும். ஃபியர், குவேக் 4 இரண்டும் இதே 2005 அக்டோபரில் வந்தவை. எல்லாம் கறுப்பும் பழுப்பும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே பச்சைக் காடு, நீலக் கடல், வெடிகுண்டைக் கவ்விக்கொண்டு பறந்துபோய் எதிரி மேல் விழும் க்ளோடோவிக் என்ற கிளி. அன்றைக்கு இதற்கு ஒரு தைரியம் வேண்டியிருந்தது.

முதல் ஆட்டம் எனக்கு விளங்கியது 2008-இல். மின்வெட்டு கடுமையாக இருந்த வருடம். அப்பா ஒரு யூபிஎஸ் வாங்கி வைத்திருந்தார். கரண்ட் போனால் பத்து நிமிஷம் தாங்கும். ஒரு நாள் சாயங்காலம் ஃபர்ஸ்ட் என்கவுன்டர் ஆடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. 12 தறியும் ஒன்றாக நின்றன. பட்டறையில் யாரோ இருமியது கூடக் கேட்டது. திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அப்போது என் முதுகுக்குப் பின்னால், இடது பக்கமாக, குளம்புச் சத்தம். மூன்று, நான்கு கிளீர். திரும்பி இரட்டைக் குழல் துப்பாக்கியால் அடித்தேன், தப்பித்தேன். அந்தப் பத்து நிமிஷமும் நான் ஒரு தடவை கூடச் சாகவில்லை. இரண்டு வருடமாக ஆடிய ஆட்டத்தில் இவ்வளவு சத்தம் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்ததும் அவசரமாகச் சேமித்துவிட்டு அணைத்தேன். அதற்குப் பிறகு கரண்ட் போனால் வீட்டில் எல்லாரும் சலித்துக்கொள்வார்கள், நான் மட்டும் மேஜைக்கு ஓடுவேன்.

இப்போது இருப்பது அமைதியான அடுக்குமாடி வீடு, தலையில் நல்ல ஹெட்போன். இரண்டு ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

இரண்டாம் பாகத்தின் உண்மையான குறை இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அது நிறத்தில் இல்லை, காதில் இருக்கிறது. இசை ஓயாது. எதிரிகள் சளசளவென்று பேசிக்கொண்டும் கத்திக்கொண்டும் இருக்கிறார்கள். யார் எங்கிருந்து வருகிறார் என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. பழைய காளை இல்லை. முன் பாகங்களில் நம் காது பழகிய எதிரிகளில் பெரும்பாலோரைக் காணோம். இரட்டைக் குழல் துப்பாக்கியின் வெடிச்சத்தத்தில் அந்தப் பழைய கனம் இல்லை. தறிச் சத்தத்தில் ஆடிய எனக்கு இதில் ஒன்றுகூட அன்று தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்தவர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

இடமும் சுருங்கிவிட்டது. முதல் ஆட்டத்தின் தொடர்ச்சியாக 2002-இல் வந்த தி செகண்ட் என்கவுன்டரில் பின்னால் ஓடிக்கொண்டே சுடுவதற்குக் கண்ணுக்கெட்டிய தூரம் நிலம் இருக்கும். இதில் பல இடங்கள் முள்வேலி அடைத்த காடு மாதிரி. நாலு எட்டு பின்னால் வைத்தால் சுவர் இடிக்கிறது.

கதை எனக்கு முக்கியமில்லை. மென்டல் என்ற வில்லனை வீழ்த்த ஐந்து துண்டாகக் கிடக்கும் ஒரு பதக்கத்தைக் கிரகம் கிரகமாகப் போய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். நடுநடுவே வரும் காட்சிகள் நீளம். மடிக்போ கிரகத்துக் காட்டு மக்களையும், சி ஃபாங் கிரகத்தின் சீனச் சாயல் கொண்டவர்களையும் கேலிப்பொம்மைகளாக்கி இருப்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. இன்றைக்கு அந்தக் காட்சிகளைத் தாண்டிவிடுகிறேன். ஒரு ஜனத்தின் பேச்சையும் நடையையும் வைத்துச் சிரிக்கவைப்பது சிரிப்பே இல்லை. கொங்குப் பேச்சைச் சினிமாவில் எத்தனை தடவை அப்படிக் கேட்டிருக்கிறோம்.

2021-இல் க்ரோட்டீம் இந்தப் பழைய ஆட்டத்துக்கு ஒரு பெரிய அப்டேட் கொடுத்தது. பதினைந்து வருடம் கழித்து! ஓடும் வசதி வந்தது, இரண்டு கையிலும் ஆயுதம் பிடிக்கும் வசதி வந்தது. இரண்டு இரட்டைக் குழலையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டால் நான் சொன்ன கனக்குறைவு பாதி தீர்ந்துபோகிறது. முன்பு ஆடிவிட்டுத் தூக்கிப்போட்டவர்கள் இதற்காகவாவது ஒரு ராத்திரி ஒதுக்கிப் பார்க்கலாம். தனியாக ஆட வேண்டாம் என்பேன். தனியாக ஆடினால் குறை மட்டும்தான் கண்ணில் படும். கூட ஒரு ஆள் இருந்தால் குவாங்கோ என்ற அந்த மலை உயரக் குரங்கு வரும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துவீர்கள். ஆட்டத்தை உண்டாக்கியவர்கள் அந்தக் கத்தலுக்காகத்தான் உழைத்திருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

ஆடும்போது நான் செய்யும் ஒரு மாற்றம்: இசையை முழுக்கக் குறைத்துவிட்டு, மற்ற ஒலியை மட்டும் வைத்துக்கொள்கிறேன். காலடி கொஞ்சம் தெளிவாகிறது. சிரமத்தை ஒரு படி கூட்டினால் எதிரிகள் கூட்டம் சரியான அளவுக்கு வருகிறது.

மச்சான் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்து, பத்தரை மணிக்கு மேல்தான் வருவார். கம்பெனி மாடியிலிருந்தே ஆடுகிறார். அவர் மைக்கில் கீழே ஓவர்லாக் மிஷின் ஓடுவது எனக்குக் கேட்கும். போன வாரம் கிளீர் கிரகத்தை முடித்தோம். "உனக்கு எதுக்கு மாப்ள ஹெட்போனு? எனக்கு மிஷின் சத்தத்துல ஒன்னும் கேக்கறதில்ல, ஆனா எவன் வந்தாலும் பளிச்சுனு தெரியுது" என்றார்.

நான் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, அவர் குரலுக்கு மட்டும் போனை ஸ்பீக்கரில் போட்டேன். அந்த மிஷின் சத்தத்தோடேயே அடுத்த கிரகமான எல்லனியரில் இறங்கினோம்.