பால், முட்டை, கோதுமை மூன்றும் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு என்ன கொடுப்பது? ஓர் அலசல்

ஒரு வயதுகூட ஆகாத குழந்தைக்குப் பசும்பால், முட்டை, கோதுமை மூன்றும் அலர்ஜி என்று டாக்டர் சொல்லிவிட்டால், வீட்டில் முதலில் எழும் பேச்சு "அப்போ ஆட்டுப்பால் கொடுக்கலாமே" என்பதுதான். அதை முதலிலேயே முடித்துவிடுவோம். ஆட்டுப்பால் புரதமும் பசும்பால் புரதமும் கிட்டத்தட்ட ஒன்றே. பசும்பால் அலர்ஜி உள்ள பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது. எருமைப்பாலும், நாட்டு மாட்டுப் பால் என்று கூடுதல் விலைக்கு விற்கும் ஏ2 பாலும் அப்படித்தான். கழுதைப்பால் கொஞ்சம் வேறு ரகம். அதன் புரதம் பல குழந்தைகளுக்குத் தொந்தரவு செய்வதில்லை, ஆனால் கொழுப்பு ரொம்பக் குறைவு, அதோடு தெருவில் சங்கில் ஊற்றித் தருவது காய்ச்சாத பச்சைப் பால். தேங்காய்ப்பாலைச் சமையலில் சேர்க்கலாம், தாய்ப்பாலுக்குப் பதிலாக ஆகாது.

ஆக, உண்மையான போட்டி இரண்டுக்குள்தான்: அம்மா பத்தியம் இருந்து தாய்ப்பால் கொடுப்பதா, பால் புரதத்தை நன்றாக உடைத்துச் செய்த ஃபார்முலாவா (குழந்தைக்கான டப்பா பால்)?

என் ஓட்டு தாய்ப்பாலுக்கு. ஆனால் ஒரு விஷயம், தாய்ப்பால் மட்டும் குடிக்கும்போது குழந்தை நன்றாக இருந்தால் அம்மா எதையும் நிறுத்தவே வேண்டாம். தாய்ப்பால் குடித்தும் மலத்தில் ரத்தம், அடங்காத எக்ஸிமா (அரிப்போடு வரும் தோல் அழற்சி) என்று இருந்தால்தான் இரண்டு முதல் நான்கு வாரம் பத்தியம், பிறகு டாக்டர் சொல்கிறபடி திரும்பச் சாப்பிட்டு, தொந்தரவு மறுபடி வருகிறதா என்று பார்ப்பது. இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டு மாதக்கணக்கில் வெறும் ரசம் சாதத்தில் ஓட்டுகிற அம்மாக்கள் நிறைய. பத்தியம் என்றால் காபி, தயிர், மோர் மட்டுமல்ல, பால் பவுடர் போட்ட பிஸ்கட்டும் போகும், நெய்யும் போகும் (உருக்கினாலும் துளி புரதம் மிஞ்சும்). பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்). நூறு கிராம் கேழ்வரகில் இருப்பது சுமார் 350தான், அதனால் மாத்திரையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

ஃபார்முலா பக்கம் வந்தால் அம்மாவுக்கு நிம்மதி, பர்ஸுக்கு அடி. நன்றாக உடைத்த புரதம் உள்ள டப்பா பால் பத்தில் ஒன்பது குழந்தைக்காவது ஒத்துக்கொள்ளும். மிச்சப் பேருக்குப் புரதமே இல்லாமல் அதன் அடிப்படைத் துணுக்குகளை மட்டும் வைத்துச் செய்த அமினோ அமில ஃபார்முலா, அது இன்னும் விலை. ருசி கசப்பு. சின்னக் குழந்தை குடித்துவிடும், ஆறு மாதம் தாண்டியது துப்பும். லாக்டோஸ் இல்லாத டப்பாவை இதற்கென்று வாங்கிவிடாதீர்கள், அதில் எடுத்தது சர்க்கரையை, புரதம் அப்படியே இருக்கும். புரதத்தைப் பாதி மட்டும் உடைத்த, டப்பாவில் ஹெச்ஏ என்று போட்ட வகையும் உதவாது. சோயா ஃபார்முலா மலிவு, ஆறு மாதத்துக்கு மேல் யோசிக்கலாம், ஆனால் பால் ஒத்துக்கொள்ளாத சில குழந்தைகளுக்குச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது. தாய்ப்பால் போதவில்லை என்றால் அதோடு நன்றாக உடைத்த ஃபார்முலாவையும் சேர்த்துக் கொடுப்பதில் தப்பே இல்லை.

திட உணவில் சத்துமாவா, தனித்தனியாகவா? இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சத்துமாவில் கோதுமை, முந்திரி, பாதாம் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும், தடிப்பு வந்தால் எதைக் குற்றம் சொல்வது? அரிசி, கேழ்வரகு, பாசிப்பருப்பு என்று ஒவ்வொன்றாக, பகல் நேரத்தில் கொடுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் பயந்து தள்ளிப்போடவும் கூடாது. லண்டனில் நடந்து 2015இல் வெளிவந்த லீப் (LEAP) என்ற ஆய்வில், கடலை அலர்ஜி வரும் ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்குச் சீக்கிரமே வேர்க்கடலை கொடுத்ததில் ஐந்து வயதில் கடலை அலர்ஜி 81 சதவீதம் குறைந்திருந்தது. முட்டை அலர்ஜியோ கடும் எக்ஸிமாவோ உள்ள குழந்தை என்றால், வீட்டில் தொடங்காமல் டாக்டரிடம் பரிசோதித்துவிட்டே கொடுக்க வேண்டும், அதுவும் முழுக் கடலையாக இல்லாமல் அரைத்துக் கரைத்து.

கோதுமை ஆகாத குழந்தை வீட்டில் அடிக்கடி தப்பிவிடுவது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், பருப்புச் சாதத்தில் ஒரு சிட்டிகை போட்டாலே சிலருக்குப் போதும். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது, டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்கலாம். ஓட்டலில் மட்டும் இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது, அந்தத் தோசைக்கல்லில் சற்றுமுன் ரவா தோசை சுட்டிருப்பார்கள்.